எக்ஸ்ரேயில ஒண்ணுமில்லையாம், நோவு மட்டும் போகல. ஹட்டன், கண்டிப் பக்கம் காது குடுத்துக் கேக்குற டொக்டர் இருக்காங்களா?

மவுசாக்கலைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா வாசிக்கிறேன், எழுதுறது இப்பதான். வயசு 43. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்துல கொழுந்து எடுக்கிறேன். ஓ.எல். வரைக்கும் படிச்சதால போன்ல தமிழ் அடிக்க வரும், பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

மொதல்ல நோவு வந்தது இடுப்புல, படங்குத் துணி கட்டுற எடத்துக்கு நேர் பின்னால. எங்க மலை நல்ல சரிவு. மழை நாள்ல கொழுந்து ஈரத்தோட இருந்தா கனம் சொல்ல வேண்டியதில்ல. கொழுந்து எடுக்குற எல்லாப் பொம்பளைங்களுக்கும் உள்ளதுதானேன்னு விட்டுட்டேன். அப்புறம் கழுத்து, தோள்பட்டை, கூடைக் கயிறு இழுக்குற உச்சந்தலை. இப்ப எங்க நோகுதுன்னு யாராவது கேட்டா, எங்க நோகலன்னுதான் யோசிச்சுச் சொல்லணும். சில நாள் குடைச்சல், சில நாள் எரிச்சல். குளிர் கூடின நாள்ல விரல் மடங்காது. ராத்திரி புரண்டு படுத்தாலே முழிப்பு வந்துரும், காலையில எந்திரிச்சா தூங்கின உடம்பு மாதிரியே இருக்காது.

இரத்தம் எல்லாம் பார்த்தாச்சு. ஈ.எஸ்.ஆர்., மூட்டு வாதத்துக்குப் பார்க்குற ருமட்டொயிட் ஃபேக்டர், தைரொய்ட், சீனி, எல்லாம் நோர்மல். இடுப்பு எக்ஸ்ரே எடுத்து "வயசுக்குத் தக்க தேய்மானம்"னு எழுதிக் குடுத்தாங்க.

டொக்டர்மார் கதை வேற. ஒரு எடத்துல நான் கதிரையில உக்கார முன்னாலயே துண்டுல எழுதி முடிச்சுட்டார். அதே பெனடோல், அதே டைக்ளோபெனாக், அதே ஒமிப்ரசோல். இன்னொரு எடத்துல, தனியார்ல காசு கட்டி சானல் பண்ணிப் போனோம். அந்தப் பெரிய டொக்டர் ரிப்போர்ட்டப் புரட்டிட்டு, என் முகத்தப் பார்க்காம, பக்கத்துல நின்ன என் வீட்டுக்காரர்கிட்ட சிங்களத்துல "ஒண்ணுமில்ல, இதெல்லாம் மனசுலதான்"னார். எனக்குச் சிங்களம் நல்லாவே விளங்கும்னு அவருக்குத் தெரியாது. பஸ்ஸுல வர்ற வழி பூரா நான் வாயே திறக்கல.

அன்னைலருந்து வீட்டுலயும் பேச்சு மாறிப்போச்சு. மாமியார் நல்லவங்கதான். ஆனா நான் தண்ணிக் குடத்த எறக்கி வச்சு மூச்சு வாங்கினா, "ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லன்னாங்கள்ல"ன்னு ஒரு வார்த்தை வருது. மலையில கொழுந்து நிறை குறைஞ்சா அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான். கணக்கப்பிள்ளைக்கு நிறைதான் கணக்கு, என் நோவ எந்தத் தராசுல போட்டுக் காட்டுறது?

கடைசியா கிளினிக்ல ஒரு சின்ன வயசு டொக்டரம்மா இருந்தாங்க. தோளை அமுக்கிப் பார்த்தாங்க, தூக்கம் எப்படின்னு கேட்டாங்க. அமிட்ரிப்டிலீன் 10 மில்லிகிராம், ராத்திரிக்கு ஒண்ணுன்னு எழுதிக் குடுத்தாங்க. அடுத்த கிளினிக்குக்குப் போனா அவங்க மாறிப் போயிட்டாங்களாம், புது ஆள். இதுக்கு இடையில என் மகன் அந்த மாத்திரைப் பேரப் போன்ல தேடிப் பார்த்து, "அம்மா, இது மனச்சோர்வுக்குக் குடுக்குறது"ன்னான். அப்போ அந்தம்மாவும் எனக்கு மனசுலதான்னு நெனச்சுத்தான் குடுத்தாங்களா? மாத்திரை அப்படியே மைலோ டின்னுக்குள்ள கெடக்கு.

ரெண்டு விஷயம் கேக்குறேன். அந்த மாத்திரையக் குடிக்கலாமா? அடுத்தது, ஹட்டன்ல இருந்து கண்டி வரைக்கும் எங்கயாவது, நான் சொல்றத முடிக்க விடுற டொக்டர் இருக்காங்களா? நோவ வேரோட பிடுங்கித் தரச் சொல்லல. தொட்டுப் பார்க்கணும், அடுத்த மாசம் போனாலும் அதே முகம் இருக்கணும், அவ்வளவுதான்.


வெள்ளைச் சட்டை எழுதியது:

அக்கா, நான் அரசாங்க ஆஸ்பத்திரி ஒண்ணுல தாதி. எதுன்னு சொல்லல. நைட் டியூட்டி முடிஞ்சு வந்து எழுதுறேன், கொஞ்சம் நீளும்.

மொதல்ல மாத்திரை. அமிட்ரிப்டிலீன் ஆரம்பத்துல மனச்சோர்வுக்கு வந்த மருந்துதான், உங்க மகன் சொன்னது பொய்யில்ல. ஆனா மனச்சோர்வுக்குக் குடுக்குற அளவு ஒரு நாளைக்கு 75, 100 மில்லிகிராம்னு போகும். உங்களுக்கு எழுதினது 10. இந்தச் சின்ன அளவு நரம்பு வழியாப் போற நோவுச் செய்திய அடக்கவும் தூக்கத்த ஆழமாக்கவும்தான். சீனி வருத்தத்துல கால் எரிச்சல் உள்ளவங்களுக்கும், அடிக்கடி ஒற்றைத் தலைவலி வர்றவங்களுக்கும் இதே மாத்திரையத்தான் குடுப்பாங்க. அந்த டொக்டரம்மா உங்கள நம்பாம எழுதல. நம்பினதால எழுதினது.

குடிக்க முன்னால ஒண்ணு பாத்துக்குங்க. இருதயத் துடிப்புல கோளாறு, கண்ணுல பிரஷர், சிறுநீர் போறதுல தடை, வலிப்பு, இதுல எதாவது இருந்தா, இல்ல வேற மாத்திரை எதாவது எடுக்கிறீங்கன்னா, கிளினிக்ல சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

அடுத்தது, ரிப்போர்ட் எல்லாம் நோர்மல்னா நோவு இல்லன்னு அர்த்தமில்ல. சில பேருக்குக் காயமோ தேய்மானமோ தொடங்கி வச்ச நோவு, காரணம் ஆறின பிறகும் நிக்கிறதில்ல. எல்லாரும் மலைக்குப் போன பிறகும், வேலைக்கு ஆள் கூப்பிடுற பெரட்டுச் சங்கு ஊதிக்கிட்டே இருக்கிற மாதிரி. எக்ஸ்ரே எலும்பைத்தான் படம் பிடிக்கும், சங்கு சத்தத்த எப்படிப் பிடிக்கும்? உடம்பு பூரா நோவு, தூங்கியும் தீராத அசதி, இரத்தம் நோர்மல், இப்படி வர்றவங்கள்ல ஒரு பகுதிப் பேருக்கு ஃபைப்ரோமயல்ஜியான்னு ஒரு வருத்தம் இருக்கும். உங்களுக்கு அதுதான்னு நான் சொல்லல, சொல்லவும் கூடாது. ஆனா அதுக்கு ஒரு இரத்தப் பரிசோதனையும் கிடையாது. கேட்டு, தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பாங்க. மூணு மாசத்துக்கு மேல நிக்கிற நோவுக்கு உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்லயே தனி எடம் குடுத்துட்டாங்க, அந்தப் பதினோராவது பதிப்பு 2022ல இருந்து நடைமுறையில இருக்கு. மாமியாருக்கு இத வாசிச்சுக் காட்டுங்க.

நான் கேக்கணும்: காலையில விரல் மடங்க எவ்வளவு நேரம் எடுக்குது? மூட்டு வீங்குதா? ஒரு மணித்தியாலத்துக்கு மேல இறுக்கமும் வீக்கமும் இருந்தா அது வேற, ருமட்டொயிட் ஃபேக்டர் நோர்மலா இருந்தாலும் அந்த மூட்டு வாதம் வரலாம். அப்படின்னா வாதத்துக்குப் பார்க்குற ருமட்டொலொஜி கிளினிக்குக்குக் கட்டாயம் போகணும்.

அப்புறம் டைக்ளோபெனாக். தினமும் சும்மா போடாதீங்க அக்கா. வயித்துல புண் வரும், கிட்னிக்கும் கூடாது, வெயில்ல தண்ணி குடிக்காம மலையில நிக்கிறவங்களுக்கு இன்னும் மோசம். பெனடோல் 500 ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டவே கூடாது, மெலிஞ்ச ஆளுன்னா அதுவும் கூட. பாமசியில வாங்குற தடிமன், சளி மாத்திரைக்குள்ளயும் பெனடோல்ல உள்ள அதே பெரசிட்டமோல் இருக்கும், அதையும் சேர்த்துத்தான் கணக்கு.

கால் மரத்து பலம் இல்லாமப் போறது, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்க முடியாமப் போறது, உக்கார்ற எடத்துல உணர்ச்சி இல்லாமப் போறது, இதுல ஒண்ணு வந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காம உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடிங்க. காய்ச்சலோட இடுப்பு நோவு, காரணமில்லாம உடம்பு மெலியிறது, இதுக்கும் நாள் கடத்தாதீங்க.


பழைய கணக்கப்பிள்ளை எழுதியது:

மகள், உன் கடைசிக் கேள்விக்கு மட்டும் என் பதில். மருந்து எனக்குத் தெரியாது.

நான் வேலை பார்த்த காலத்துல நிறை குறைஞ்ச பொம்பளைப் பிள்ளைகளுக்கு அரைப்பேர் போட்டவன்தான் நான். அதனால அந்தப் பக்கத்துலருந்தே சொல்றேன். தோட்டத்துல வைத்தியம்கிறது யாரோட நோவையும் கேக்குறதுக்காக வந்ததில்ல. கோப்பிக் காலத்துல, 1872லயே, தோட்டத்து ஆட்களுக்கு வைத்தியம் பண்ணணும்னு வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். ஆள் செத்தா கோப்பி யார் பறிக்கிறது? அன்னைலருந்து மருந்துக் காம்பராவுல ஒரே கேள்விதான்: இந்த ஆள் நாளைக்கு வேலைக்கு வருமா, வராதா? காய்ச்சல்னா வராது, கை முறிஞ்சா வராது. உன் நோவு ரெண்டுலயும் சேராது. நீ வரவும் செய்வ, வந்து துடிக்கவும் செய்வ. அந்தக் கொப்பியில உனக்குக் கட்டமே இல்ல. 1992ல தோட்டங்கள கம்பனிகள் கையில குடுத்த பிறகும் அந்தக் கேள்வி மாறல.

நாம "தோட்டத்து டொக்டர்"னு கூப்பிடுறவர் பெரும்பாலும் ஈ.எம்.ஏ., அதாவது தோட்ட வைத்திய உதவியாளர்தான். எம்.பி.பி.எஸ். படிச்சவர் இல்ல. நல்ல மனுசர்மார் இருக்காங்க, ராத்திரி பிரசவத்துக்கு மழையில நடந்து வந்தவங்க இருக்காங்க. ஆனா உன் வருத்தம் அவர் கைக்கு மீறினது. அங்கேயே சுத்தாத, ஒரு கடிதம் மட்டும் வாங்கிக்க.

இன்னொண்ணு. இரக்கமுள்ள டொக்டர்னு தேடி அலையாத. இரக்கம் வந்து போகும். வேலை தெரிஞ்ச ஆளாப் பாரு. சிரிச்சுப் பேசி, அதே மாத்திரைய எழுதி அனுப்புற ஆள் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்.


தலவாக்கலை அக்கா எழுதியது:

ஐயா சொன்ன கடைசிப் பேச்சு எனக்குச் சரியாப் படல. வேலை தெரிஞ்சவர்தான் என்னையும் "ஒண்ணுமில்ல"ன்னு அனுப்பினார். என்னைத் தொட்டுப் பார்க்காம அவருக்கு எந்த வேலை தெரிஞ்சு என்ன? இந்த வருத்தத்துல கேக்குறதுதான் பரிசோதனை. அந்தத் தாதித் தங்கச்சி மேல எழுதினதும் அதத்தானே.

தங்கச்சி, எனக்கும் இதே கூத்து. ஃபைப்ரோமயல்ஜியான்னுதான் பேர் வச்சாங்க. பேர் கெடச்ச அன்னைக்கு நோவு குறையல, ஆனா நான் பொய் சொல்லலன்னு ஆச்சு. கண்டிப் பக்கம் ஒரு அரசாங்க கிளினிக்லதான் அந்த டொக்டரக் கண்டேன். அவர் தமிழ் இல்ல. எனக்குச் சிங்களம் அரைகுறை. ஆனா அவர் கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கு: வீட்டுல தண்ணி யார் தூக்குறது, லயத்துக்கும் தண்ணிப் பீலிக்கும் எவ்வளவு தூரம், மிலாறு விறகு யார் கட்டி வர்றது? நோவு பத்துக்கு எத்தனைன்னு கேக்கவே இல்ல. எனக்கு அந்தப் பத்துக் கணக்கு எப்பவும் விளங்கினதில்ல. நேத்து எட்டுன்னு சொன்னது இன்னைக்கு அஞ்சு மாதிரித் தெரியும்.

கடைசியில சொன்னார், "இத முழுசா மாத்த என்னால ஏலாது. ஆனா இப்ப இருக்கிறதுல பாதியாக் குறைக்கப் பார்ப்போம். ஆறு கிழமைக்குப் பிறகு வாங்க"ன்னு கொப்பியில நாள் போட்டார். நான் அந்த நாளத்தான் புடிச்சுக்கிட்டேன். எனக்கு முன்னால பார்த்தவங்க எல்லாரும் சுகமாயிரும்னுதான் சொன்னாங்க, ஒருத்தரும் திரும்பி வாங்கன்னு சொல்லல. நல்ல டொக்டர எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டா, என் அளவுக்கு அதான் அடையாளம்: ஏலாதுன்னு வாய்விட்டுச் சொல்லுவார், அதோட அடுத்த தேதியும் போடுவார்.

டொக்டர் மாறுறது நிக்காது. சின்ன டொக்டர்மார் வருவாங்க போவாங்க, கிளினிக்கோட பெரிய டொக்டர் கொஞ்ச காலம் இருப்பார். நான் பண்றது என்னன்னா, ஒரே கொப்பி. எங்க போனாலும் அதே கொப்பி. மொதல் பக்கத்துல என் மச்சாளோட மகள வச்சு சிங்களத்துல எழுதி வச்சிருக்கேன்: எந்த வருசம் தொடங்கினது, எங்க எங்க நோகும், எந்த மாத்திரை குடிச்சு என்ன ஆச்சு, எதுல வாந்தி வந்துச்சு. அரைப் பக்கம்தான். புது டொக்டர் உக்கார்ந்ததும் அதத் திறந்து முன்னால வச்சுருவேன். வாயால சொன்னா பாதியில வெட்டுவாங்க, எழுத்த வாசிக்கிறவங்கள யாரும் வெட்டுறதில்லல்ல.

வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போ. ஆனா டொக்டர் அவர்கிட்டப் பேசினா, "சேர், நோவு எனக்கு"ன்னு நீயே சொல்லு. சிங்களம் விளங்குறவ நீ, வாயத் திற.

வேலை விஷயம். லைட் டியூட்டிக்குக் கடிதம் கேளு, வெக்கப்படாத. நான் கேட்டு வாங்கிக் குடுத்ததும் தோட்டத் துரை மொறச்சார், சங்கத் தலைவர் வந்து பேசின பிறகு நர்சரிக்குப் போட்டாங்க. அங்க குனிஞ்சு நிக்கணும்தான், ஆனா சரிவும் இல்ல சுமையும் இல்ல. எல்லாத் தோட்டத்துலயும் இது நடக்கும்னு சொல்லமாட்டேன்.

நோவு குறைஞ்ச நாள்ல வீட்டு வேலை எல்லாத்தையும் அன்னைக்கே முடிக்கப் பார்க்காத. கம்பளி கழுவி, முத்தம் கூட்டி, விறகு கட்டின்னு நான் பாய்வேன், அடுத்த ரெண்டு நாள் படுக்கை. இப்ப நல்ல நாள்லயும் கெட்ட நாள்லயும் ஒரே அளவு வேலை. தினமும் பின்னேரம் ரோட்டு வழியே கொஞ்சம் நடக்குறேன். மலையேறி எறங்குறவளுக்கு நடை எதுக்குன்னு லயத்துல சிரிச்சாங்க. சுமை இல்லாம நடந்து பார்த்தாத்தான் தெரியும் அது வேறன்னு.


ஹட்டன் ஓட்டோ எழுதியது:

அக்கா, நான் டிரைவர், நோவு பத்தி ஒண்ணும் தெரியாது, போற வழி மட்டும் சொல்றேன்.

மஸ்கெலியாவுல இருந்து ஹட்டன் வர்ற வழியிலயே டிக்கோயா ஆஸ்பத்திரி இருக்கு. மொதல்ல அங்க வெளிநோயாளர் பகுதியில, ஓபிடியில காட்டி, கண்டிக்கு ருமட்டொலொஜி கிளினிக்குன்னு கடிதம் கேளுங்க. கண்டி பெரியாஸ்பத்திரியில அந்தக் கிளினிக் இருக்கு. கடிதம் இல்லாமப் போனா பழையபடி ஓபிடி வரிசைதான். சானல்ல காசு வாங்குற பெரிய டொக்டர்மார்ல நெறையப் பேர் பகல்ல அரசாங்க ஆஸ்பத்திரியில காசு வாங்காமப் பார்க்குறவங்கதான். ரெண்டு வருசமா சானல் சானல்னு ஓடின ஒரு அண்ணன நான் ஏத்தி எறக்கியிருக்கேன், கடைசியில அதே டொக்டரத்தான் கிளினிக்ல கண்டார்.

கண்டி பஸ் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாப் போகும். கினிகத்தேனை வளைவுல எடது பக்கம் வலது பக்கம்னு தூக்கிப் போடும், இடுப்பு நோவோட பின்சீட்டுல உக்காராதீங்க, டிரைவருக்குப் பின்னால ரெண்டு மூணு சீட்டுக்குள்ள எடம் பிடிங்க. டிசம்பர் பௌர்ணமிப் போயால இருந்து மே மாச வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன். சனி ஞாயிறு, போயா நாளை ஒட்டின நாள்ல மஸ்கெலியா ரோட்டுல பஸ்ஸுல நிக்கவே எடம் இருக்காது. கிளினிக் தேதி போடும்போதே அந்த நாள் வேணாம்னு சொல்லிருங்க.


மவுசாக்கலைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதில் வருமான்னே நெனைக்கல.

தாதித் தங்கச்சி கேட்டதுக்கு: காலையில விரல் இறுக்கம் பிளேண்டி கோப்பையப் புடிச்சு சூடு காட்டினா கொஞ்ச நேரத்துல விட்டுரும், ஒரு மணித்தியாலம் எல்லாம் இல்ல. வீக்கம் இல்ல. மோதிரம் எப்பவும் போலக் கழட்டலாம். நீங்க சொன்ன மத்த வருத்தம் எதுவும் எனக்கு இல்ல, வேற மாத்திரையும் இல்ல. டைக்ளோபெனாக்க நிறுத்திட்டேன், ஏன்னா வயிறு எரிச்சல் தாங்கல.

ஐயா, அரைப்பேர் போட்டவர்னு நீங்களே சொன்னதால கோவம் வரல. கட்டமே இல்லன்னு சொன்னீங்க பாருங்க, அத என் வீட்டுக்காரருக்கு வாசிச்சுக் காட்டினேன். அவர் ஒண்ணும் பேசல, அடுத்த நாள் தண்ணிக்கு அவர் போனார். மாமியாருக்கு அந்த 2022 கதையச் சொன்னேன். "வெள்ளைக்காரன் சொன்னாத்தான் ஒங்களுக்கெல்லாம் நோவு"ன்னுட்டுப் போனாங்க. அதுலயும் ஞாயம் இருக்கு.

தலவாக்கலை அக்கா, கொப்பி வாங்கிட்டேன். சிங்களத்துல எழுத வராது, பேச மட்டும்தான். எங்க தோட்டத்து ஸ்கூல்ல சிங்களம் படிப்பிக்கிற மிஸ்கிட்டக் கேக்கப்போறேன். என்னென்ன எழுதணும்னு தமிழ்ல எழுதிப் பார்த்தேன், மூணு பக்கம் வந்துருச்சு. எத வெட்டுறதுன்னு தெரியல.

கடைசியா ஒண்ணு. அந்த மாத்திரையக் குடிச்சா தூக்கம் வரும்ங்கிறீங்க. காலையில பெரட்டுக்கு எந்திரிக்க முடியுமா? சரிவுல தலை சுத்தினா விழுந்துருவேனே.


வெள்ளைச் சட்டை எழுதியது:

நல்ல கேள்வி அக்கா. படுக்கப் போகும்போது குடிக்காம, ராத்திரிச் சாப்பாட்டோட ஏழு மணி போலவே குடிச்சிருங்க, விடியிறதுக்குள்ள மயக்கம் தெளிஞ்சிரும். அடுத்த நாள் லீவு இருக்கிற ராத்திரியாப் பார்த்துத் தொடங்குங்க, உடம்பு எப்படி எடுத்துக்குதுன்னு வீட்டுலயே தெரிஞ்சிரும். வாய் காயும், மலச்சிக்கல் வரலாம், தண்ணியும் கீரையும் கூட்டுங்க. எந்திரிக்கும்போது சட்டுன்னு எந்திரிக்காம, கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உக்கார்ந்து எந்திரிங்க. நெஞ்சு படபடத்தாலோ, மலையில நிக்க முடியாத அளவுக்குத் தலை சுத்தினாலோ நிறுத்திட்டு ஓபிடியில காட்டுங்க.

மொதல் கிழமையில தூக்கம்தான் மாறும், நோவு மாற இன்னும் ரெண்டு மூணு கிழமை போகும். நாலு நாள் பார்த்துட்டு வேலை செய்யலன்னு திரும்ப டின்னுக்குள்ள போட்டுராதீங்க. டின்ல எவ்வளவு காலமாக் கெடக்குதுன்னு தெரியாது, மொதல்ல காலாவதித் தேதியப் பாருங்க.

கொப்பிக்கு மூணு பக்கம் வேணாம். யார் என்ன திட்டினாங்கங்கிறத எல்லாம் வெட்டுங்க, அது டொக்டருக்கு உதவாது. இரவு எத்தனை தடவை முழிப்பு வருது, முன்னால செஞ்ச எந்த வேலைய இப்ப செய்ய ஏலல, எந்த மருந்து என்ன செஞ்சது. இந்த மூணும் இருந்தாப் போதும். நீங்க தமிழ்ல எழுதினத வேணும்னா இங்கயே போடுங்க, நான் சிங்களத்துல சுருக்கி எழுதித் தர்றேன். தோட்டப் பேர், உங்க பேர் எதுவும் போடாதீங்க.